கருஞ்சிறகின் தொண்டை

டி.வி.க்குப் பின்னால் கையை நுழைத்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள் ஷெரின். ஒயர் வந்தது. கூடவே ஒட்டடையும் ஒரு செத்த பல்லியும் வந்தன. அலறக்கூட நேரமில்லை. சமையலறையில் தட்டு கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது, அம்மா வருகிறாள். ஒரே தாவலில் நாற்காலிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியத்துச் சோம்பலை முகத்தில் வரவழைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் துறையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, அவள் அய்யா, படகோட்டி அருளானந்தத்துக்கு டி.வி.யை விட்டால் வேறு கதியில்லை. போன வாரம் அவர் கண்ணில் பட்டது 'கருஞ்சிறகு'. வெளிநாட்டுத் தொடர், தமிழ்க் குரலில். மழையே ஓயாத ஓர் ஊரில், கறுப்பு முகமூடி போட்ட ஒருத்தி ராத்திரியெல்லாம் ரௌடிகளின் எலும்பை எண்ணுகிறாள். அவளுக்குத் தமிழில் குரல் கொடுத்தது, சென்னையில் கணக்கு எழுதுகிற வேலை பார்ப்பதாக வீட்டில் சொல்லிவைத்து, இப்போது லீவில் வந்திருக்கும் ஷெரின்.

டப்பிங் என்று அவள் முதன்முதலில் வாயைத் திறந்தபோது அய்யா ஒரே வாக்கியம்தான் சொன்னார். "சினிமாப் பக்கம் போனீன்னா, இந்த வீட்டுப் பக்கம் வராத." மனுஷன் சொன்னால் சொன்னதுதான்.

முதல் எபிசோடில் தப்பித்துவிட்டாள். அதில் கருஞ்சிறகு உறுமுவதோடு சரி. ஆனால் இன்றைக்கு ஓடப்போகிற இரண்டாவதில் எரிகிற கப்பலைச் சங்கிலி போட்டு இழுக்கிறாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு எதையாவது கத்தும்மா," என்றார் டப்பிங் டைரக்டர். ஷெரின் கண்ணை மூடிக் கத்தினாள். தொண்டையிலிருந்து கிளம்பி வந்தது பாம்பன். படகு எடுக்கும்போது அய்யா போடுகிற அதே கூப்பாடு, வேர்க்காட்டுக் கோயில் புனிதரைக் கூப்பிடுகிற கூப்பாடு! ஏதோ வீரமான வார்த்தை போல என்று டைரக்டர் ஓகே சொல்லிவிட்டார். இந்தத் தீவுக்காரர்களைத் தவிர உலகத்தில் எவருக்கும் பிடிபடாது. தீவுக்காரர்கள்தான் இப்போது ஹாலில் வந்து உட்காருகிறார்கள்.

"நெட்டு வரல அய்யா," என்றாள் ஷெரின்.

"வராட்டிப் போகுது. என் போன்லருந்து குடுக்கேன்." அருளானந்தம் இரண்டே தட்டில் இணைத்துவிட்டார்.

"இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாந்தான்," என்று நன்னாரி சர்பத்தை உறிஞ்சினார் சீனி முகம்மது. அய்யாவின் படகுக்கு இன்ஜின் பார்ப்பவர், இருபது வருஷச் சிநேகிதர்.

எபிசோடு ஓடியது.

"என்ன மச்சான், திரை பூரா ஒரே இருட்டு?" சீனி முகம்மது கண்ணைச் சுருக்கினார். "கரண்டு பில்லுக்குப் பயந்துகிட்டே எடுத்துருப்பாய்ங்களோ?"

"இருட்டுலதாம்ப்பா அவளுக்குத் தொழிலு. நம்ம மட்டும் என்ன, வெயில்லயா வலை விடுறோம்?"

"தொழிலு இருக்கட்டும்," என்றாள் அம்மா அற்புதம்மாள். "போன வாரத்துலருந்து பாக்கேன், ஒரு வாய் சோறு திங்கல அவ. அடிச்சுப் போட்டுட்டு நேரா தண்ணித் தொட்டி மேல போயி நனையுறா. சளி புடிக்காதா?"

"அம்மா இல்லாத பிள்ளை, அற்புதம். கோவம் உள்ள கெடக்கு. அந்தக் குரலக் கேட்டா தெரியலையா?"

ஷெரினுக்கு ஒரு கணம் பயம் மறந்துபோயிற்று. அந்தக் கோபத்துக்காக ஸ்டுடியோவில் எத்தனை தடவை தொண்டை கட்டியது! சென்னையில் ஒருத்தரும் கண்டுகொள்ளாத சங்கதியை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அய்யா சொல்கிறார்.

திரையில் கப்பல் பற்றி எரிந்தது. ஷெரின் ரிமோட்டைத் தேடினாள். அய்யாவின் தொடைக்கு அடியில் இருந்தது.

"வயித்த வலிக்குதும்மா…"

ஒருத்தரும் திரும்பவில்லை. கருஞ்சிறகு சங்கிலியைத் தோளில் சுற்றினாள். காலை ஊன்றினாள். இழுத்தாள்.

"சந்தியாகப்பரே… வாரும்!"

அமெரிக்கத் துறைமுகமே அதிர்ந்தது. ஷெரின் தரையைப் பார்த்தாள். பெட்டியை இப்போதே கட்டினால் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம்.

முதலில் வாயைத் திறந்தது அம்மா.

"ஏன்டி, மாதாவக் கூப்புட்டா கொறஞ்சா போயிருவ?"

சீனி முகம்மதுக்கு சர்பத் புரையேறியது. ஷெரின் தலையைத் தூக்கினாள். மூன்று பேரும் டி.வி.யைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயாச் சொல்லுவ, நீயாச் சொல்லுவன்னு பாத்தா," என்றார் அருளானந்தம், "ஒயரப் புடுங்குற."

"அய்யா… எப்படி…"

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்தே போன்ல பாத்தாச்சு தாயி," என்றார் சீனி முகம்மது. "நான் படகுக்குள்ள இன்ஜினக் கழட்டிக்கிட்டு இருக்கேன். மேல ஒங்கய்யா சத்தம். அழுகுறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. ஓடிப் போயிப் பாத்தா, வாக்கிடாக்கிகிட்ட போன வச்சு, நீ கூப்புட்டதத் தொறைக்கே போட்டுக் காட்டுறாரு."

ஒரு படகு அப்படிக் கூப்பிட்டால், காதில் விழுகிற படகெல்லாம் பதிலுக்குக் கூப்பிட வேண்டும். அது இந்தத் துறையின் வழக்கம்.

அய்யா துண்டை இறக்கினார்.

"கூப்புட்டாய்ங்க," என்றார். "பெயின்ட் அடிச்சவன், வலை பொத்துனவன், அம்புட்டுப் பயலும், கையில பிரஷும் ஊசியுமா எந்திரிச்சு நின்னு."