உட்கார்ந்து சாப்பிட ஒரு மதியம்

மாமியார் பக்கவாதத்தில் படுத்த பிறகு, மருமகளுக்குச் சாப்பாடு என்பது அடுப்பு மேடையோரம் நின்றபடி விழுங்குகிற ஒன்றாகிவிட்டது. மாமியாரை மட்டும் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்து, மசித்த சோற்றை நிதானமாக ஊட்டுவாள். ஊட்டியதும் படுக்கவிடமாட்டாள், எதுக்களிக்கும். தன் பங்கை ஆறிப்போன பின் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, தூக்கித் தூக்கி நொந்த இடுப்புக்கு ஒரு வலி மாத்திரையையும் விழுங்கி, தரையிலேயே சாய்ந்துவிடுவாள். சில நாள் வெறும் மாத்திரை மட்டும்தான்.

கொஞ்ச நாளாக மேல்வயிறு கல்லாகக் கனத்தது. இரண்டு வாய் உண்டாலே முட்டியது. புளித்த ஏப்பம் வேறு. கணவன் சோடா வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று நாத்தனார் வந்தபோது, இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல, வாயு."

"அத டாக்டர் சொல்லட்டும். எழுந்திரிங்க."

"அத்தைய யாரு பாத்துக்கறது?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்."

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் கோளாறில்லை. வாந்தி உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, உடம்பு இளைத்ததா என்று விசாரித்த மருத்துவர், "எப்ப சாப்பிடுவீங்க?" என்றார்.

"கெடைக்கறப்ப."

"அஜீரணம்தான். அந்த வலி மாத்திரைய விட்டுடுங்க, வேற தரேன். உக்காந்து, மென்னு, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. சாப்பிட்டதும் படுக்காதீங்க. காரம், காபி இப்போதைக்கு வேண்டாம். குறையலன்னா திரும்ப வாங்க."

வெளியே வந்ததும் இவள் சோர்வாகச் சிரித்தாள். "இதெல்லாம் அத்தைக்கு நான் செய்யறதுதான்."

நாத்தனார் அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். "இனிமே மதியத்துல நான் வரேன் அண்ணி."

மறுநாள் வந்தாள். மகள் கையால் ஊட்ட, மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டு மருமகளைத் தேடினார். இவள் தட்டோடு எழப்போனாள்.

"நீங்க உக்காருங்க. சின்ன வயசுல நான் படுத்தினதுக்கு இப்ப திருப்பித் தராங்க. நான் பாத்துக்கறேன்."

இவள் கை பழக்கத்தில் வேகமாக வாய்க்குப் போனது. நிறுத்தி, மென்றாள். பாதியிலேயே போதுமென்றிருந்தது, மீதியை மூடிவைத்தாள். படுக்கக் கூடாதே என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். வயிற்றுக் கனம் குறைய இன்னும் பல நாள் பிடித்தது. களைப்பு குறையவே இல்லை. அந்த மதியம் உள்ளே நாத்தனார், "ஒரே வாய்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இவள் எழுந்து போகவில்லை.