மூன்றுக்கு ஒன்று

எங்கள் ஊரில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள வயதை வித்தியாசமாகவும் வைத்துக்கொள்ளலாம், விகிதமாகவும் வைத்துக்கொள்ளலாம். நான் விகிதமாக வைத்தேன். அதனால் என் மகளுக்கு இருபது முடிந்த அன்று எனக்கு அறுபது முடிந்தது. ஓய்வுபெறச் சொல்லி நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சுடர்மதியை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது இந்தப் பதிவு நடந்தது. அப்போது அவளுக்குப் பதினொன்று, எனக்கு முப்பத்து மூன்று. வயது அலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள். வித்தியாசம் என்றால் இருபத்திரண்டு என்று எழுத வேண்டும். விகிதம் என்றால் மூன்றுக்கு ஒன்று. உங்களுக்கு மீதி வராமல் வகுபடுகிறது, எல்லோருக்கும் இப்படி அமையாது என்று அவர் சொன்னார். பத்தாவது வரை கணக்கில் நான் கெட்டிக்காரி. மீதி இல்லாமல் வகுபட்டது எனக்கும் பிடித்திருந்தது. பின்னால் வரிசை வேறு நீண்டு நின்றது. விகிதத்தில் டிக் அடித்தேன்.

எனக்கு அடுத்து நின்றவள் பக்கத்து வீட்டு ரெஜினா. அவள் மகளுக்கும் பதினொன்றுதான், அவளுக்கு முப்பத்து நான்கு. வகுபடவில்லை. வித்தியாசம் இருபத்து மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் ஏதோ குறைந்துபோனதுபோல வீட்டுக்கு வந்தாள். என் கணவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டதால் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. அவர் முப்பத்தாறிலேயே இருக்கிறார். அது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அதன்பிறகு எனக்கு நான்கு மாதத்துக்கு ஒரு பிறந்தநாள் வந்தது. அலுவலகத்தில் முதல் இரண்டுக்குக் கேக் வெட்டினார்கள். மூன்றாவதற்கு மிக்சர் வாங்கினார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை. நகராட்சி நீர்த்தொட்டியில் எனக்கு வேலை. இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும்போது மூன்றாவது குழாய் அதைக் காலிசெய்யும். எத்தனை மணி நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்து எழுத வேண்டும். தொட்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். சுடர் ஆறாவது படித்தபோது ஒரே மூச்சில் ஏறினேன். அவள் பத்தாவது பரீட்சை எழுதியபோது நடுவில் ஒருமுறை உட்கார்ந்தேன். அவள் கல்லூரிக்குப் போனபிறகு எத்தனைமுறை உட்கார்ந்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ரெஜினாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்றாவது வருடம் அவள் என்னை அக்கா என்றாள். பொறுத்துக்கொண்டேன். போன பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து நீட்டி, "பல்லு தாங்குமா பெரியம்மா" என்று கேட்டாள். அவள் முன்னாலேயே ஒரு கணு கடித்துக் காட்டினேன். பல் தாங்கவில்லை. அதை அவள் போனபிறகுதான் துப்பினேன்.

கடிதம் வந்த அன்று நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெஜினாவைப்போல வித்தியாசத்தில் விட்டிருந்தால் எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருடம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. சுடருக்கு முப்பது ஆகும்போது எனக்குத் தொண்ணூறு. அவளை நான் பள்ளியில் சேர்த்த வயதுக்கு அவள் வரும்போது எனக்குத் தொண்ணூற்று ஒன்பது. அதற்குமேல் எழுதாமல் நோட்டை மூடிவிட்டு வயது அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே எழுத்தர் எபனேசர் இருந்தார். தன்மையான மனிதர். உட்காரச் சொல்லி, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, என் பதிவைத் தேடி எடுத்தார். என் பதினெட்டு வருடத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அப்படித் திருப்பித் தர வழியில்லை என்றார். அந்த வருடங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார். ஆனால் தண்ணீர் வேலையில் இருக்கும் பெண்களுக்கு வயதில் இருபத்தைந்து சதவீதம் குறைப்பு உண்டு என்றும், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். குறைத்துவிட்டுக் கணக்கை நேர்செய்வதற்காக அதே இருபத்தைந்து சதவீதத்தைத் திரும்பக் கூட்டிவிடுவார்களாம்.

"குறைச்சதையே கூட்டிட்டா எனக்கு என்ன சார் மிச்சம்?"

"மிச்சம் ஒண்ணும் இருக்காதும்மா. ஒரு சலுகை, அவ்வளவுதான்."

எபனேசர் எழுதினார். அறுபதில் கால்வாசி பதினைந்து. கழித்தால் நாற்பத்தைந்து. அந்த ஒரு நிமிடம் என் முதுகு நிமிர்ந்தது. நாற்பத்தைந்தில் கால்வாசி பதினொன்றே கால். கூட்டினால் ஐம்பத்தாறே கால். அதற்குக் கீழே கோடு போட்டு, இரண்டும் சமம், மாற்றம் ஏதுமில்லை என்று எழுதி முத்திரை குத்தினார்.

மூன்றே முக்கால் வருடம் குறைந்திருக்கிறதே என்று நான் சொன்னேன். எனக்கு லாபம்தான், ஆனாலும் தப்பைத் தப்பென்று சொல்ல வேண்டும் இல்லையா. அவர் இரண்டு இருபத்தைந்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். இதுவும் இருபத்தைந்து, அதுவும் இருபத்தைந்து, எங்கே குறைந்தது என்றார். எதில் இருபத்தைந்து என்று பார்க்க வேண்டாமா என்றேன். அலுவலகம் அதெல்லாம் பார்ப்பதில்லை என்றார். வாதாடி வாயே வலித்துவிட்டது. கடைசியில் ஐம்பத்தாறே கால் வயதோடு வெளியே வந்து, மறுநாள் நேராகத் தொட்டிக்குப் போனேன். இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்து ஏறிவிட்டேன். ஓய்வுக் கடிதத்தை மடித்து மோட்டார் அறையின் ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் சுடர் கல்லூரியிலிருந்து பைநிறையப் புத்தகங்களோடு வந்தாள். எல்லாம் பழைய புத்தகங்கள்.

அவளுக்குப் பதினெட்டே முக்கால் ஆகிவிட்டது என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று மாறக்கூடாது அல்லவா. எனக்குக் குறைந்தால் அவளுக்கும் குறையத்தான் வேண்டும். கணக்கில் கெட்டிக்காரியான நான் அதை யோசிக்கவே இல்லை. இயற்பியல் மூன்றாம் வருடம், கடைசிப் பரீட்சைக்குப் பதினாறு நாள் இருந்தது. ஹால் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டாம் வருடத்தின் நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். பதினைந்து மாதம் படித்ததெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் வகுப்பில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதாம். அன்றைக்கே ஒரு கேள்விக்கு வாய்தவறிப் பதில் சொல்லிவிட்டு வெளியே நின்றிருக்கிறாள்.

நாளைக்கே அந்த அலுவலகத்துக்குப் போகலாம் என்று கத்தினேன். அவள் தட்டில் தோசையைப் பிட்டுக்கொண்டே, தான் திரும்பப் படித்துக்கொள்வதாகவும், நான் படியில் குறைவாக உட்கார்ந்தால் அதுவே போதும் என்றும் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கோபப்பட வேண்டிய வயதில் கோபப்படாமல் இருக்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மறுநாள் இருவரும் எபனேசர் முன்னால் போய் உட்கார்ந்தோம். மூன்றே முக்கால் வருடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நான் அறுபதாகவே இருந்துகொள்கிறேன், இவள் பரீட்சை எழுதட்டும் என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து, தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். இரண்டும் சமம், மாற்றம் ஏதுமில்லை.

"மாறாததை எப்படிம்மா திருப்பி வாங்குறது?"

"என் பொண்ணு பரீட்சை மாறிப்போச்சே சார்."

"அது கல்லூரியில கேக்கணும்."

மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கிச் சுவரில் எறியலாமா என்று நினைத்தேன். ஒன்பது வருடமாக, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிழவியாகிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒருநாள்கூட இந்த அலுவலகத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டால், எனக்குத் திருப்பித் தர முடியாததை என் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் பேனாக்களை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள்.

சுடர் மட்டும் கேட்கவில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுல மூணுக்கு ஒண்ணுன்னு மட்டும்தான் இருக்கு. மேல தலைப்புல மகள்தான் முதல்ல வருது, தாய் ரெண்டாவதா வருது."

எபனேசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகள், தாய் என்றுதான் அச்சடித்திருந்தது. அதன்படி மகள் மூன்று, தாய் ஒன்று. ஒன்பது வருடமாக அலுவலகம் தலைகீழாக நடத்திவந்திருக்கிறது. அவர் முகம் சிவந்துவிட்டது. நேர்மையானவர் என்பதால், தவறு அலுவலகத்துடையது, உடனே சரிசெய்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். சுடர் ஐம்பத்தாறே கால், நான் பதினெட்டே முக்கால். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். அவள் ஏற்கெனவே தன் பேனாவைத் திறந்து, அவரிடம் எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பதிவேட்டின்மேல் கையை விரித்து வைத்தேன்.

"எழுதினீங்கன்னா பேனாவ ஒடிச்சிருவேன் சார்."

"அம்மா, கைய எடு."

"நீ பேசாத. என் வயசுக்கு நீ எதுக்குடி கையெழுத்துப் போடுற?"

அவளை நான் அதுவரை டி போட்டுத் திட்டியதில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. மத்தியான மணி அடித்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள், திரும்பி வந்தார்கள். எபனேசர் தன் டப்பாவை எங்கள் எதிரிலேயே திறந்து, எலுமிச்சைச் சாதத்தை எங்களுக்கும் பங்கு வைத்தார். இடது கையாலேயே சாப்பிட்டேன். வலது கை பதிவேட்டில் இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அலுவலகத் தவறு வெளிப்பட்ட பதிவை இரண்டு விதமாக முடிக்கலாம். ஒன்று, திருத்தலாம். அல்லது விகிதத்தையே ரத்துசெய்து, இன்று இருக்கும் வயதிலிருந்து வித்தியாசமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் வித்தியாசம் முப்பத்தேழரை. போனது போனதுதான். இனிமேல் அவளுக்கு ஒரு வருடம் கூடினால் எனக்கும் ஒன்றுதான் கூடும்.

முப்பத்தேழரை என்பதைக் கேட்க வயிறு எரிந்தது. என் மகளை நான் முப்பத்தேழரை வயதில் பெறவில்லை, இருபத்திரண்டில் பெற்றேன். வலி எடுத்த அன்று நான் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவள். அதையும் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு படிவத்தைக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது. கோபம் என்று எழுதினேன். எபனேசர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த வார்த்தைக்கு முன்னால் ஓரத்தில் இடுக்கி, நியாயமான என்று தன் கையெழுத்தில் சேர்த்தார். பிறகுதான் முத்திரை குத்தினார். சுடரின் பரீட்சை திரும்பி வரவில்லை. அவள் பதினைந்து மாதத்தையும் மறுபடி உட்கார்ந்து படித்துத்தான் தீர வேண்டும். அதற்காக நான் அவர்களை மன்னிக்கவில்லை, இப்போதும் மன்னிக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருப்பாயா என்று கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ விட்டிருந்தா உன்ன காலேஜ்ல சேத்திருப்பேன்மா."

அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது.

ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ஒரு ரயில் கடந்துகொண்டிருந்தது. வெகுநேரம் ஆகியும் முடியாததால் கண்டக்டர் இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் என்று கணக்கில் ரயிலின் வேகத்தைக் கொடுத்திருக்கிறார்கள், நீளத்தைக் கொடுக்கவில்லை, அதனால் இன்று காலை பத்து மணியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்றார். எல்லோரும் இறங்கினோம். நானும் சுடரும் வேப்பமர நிழலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நான்கு மணி நேரம் வயதானது. அவளுக்கும் நான்கு மணி நேரம் வயதானது. வெயில் சாய்ந்ததும் கேட் கீப்பர் வந்து எங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தார். முப்பத்தாறு பேர். தண்டவாளத்தின் ஓரமாகப் பெரிய அடுப்பை மூட்டி உலை வைத்தார். நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். சுடர் ரயில் ஜன்னல்களைப் பார்த்துக் கை நீட்டினாள். ரயிலில் இருந்தவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு பச்சை மிளகாயாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள்.