காட்டுவதற்கு மட்டும்

பொழுது புலர்வதற்குள் துறைமுகத்தில் முதுகுகள் வளைந்துவிட்டன. கப்பலிலிருந்து இறக்க வேண்டிய இரும்புத் தகட்டுக் கட்டுகளுக்குச் சுமைக்காரர்கள் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. ஒரு கட்டு இறங்கினால் உடனே அடுத்தது. நிமிர்ந்து மூச்சுவிட நேரமில்லை. ஒப்பந்தக்காரர் ஆட்களைப் பாதியாகக் குறைத்திருந்தாரே தவிர வேலையைக் குறைக்கவில்லை.

அவர்களுக்கு நடுவே கேமராவைத் தோளில் சுமந்தபடி ஒருத்தி குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் எந்தச் சேனலிலும் வேலையில் இல்லை. சொந்தக் கேமரா, சொந்தப் பெட்ரோல், சொந்த முழங்கால். தீ, வெள்ளம், விபத்து என்று ஓடி ஓடி எடுப்பதை ஒரு செய்தி நிறுவனத்துக்குக் கொடுப்பாள். அவர்கள் சேனல்களுக்கு விற்பார்கள். அன்று அவளை யாரும் அனுப்பவில்லை. அவளுடைய அக்காள் புருஷன் அங்கே சுமைக்காரர். ஒரு நாள் வந்து நாங்கள் படும் பாட்டையும் எடு என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்திருந்தாள்.

கிரேனின் இரும்பு வடம் ஓரிடத்தில் நார் நாராகப் பிரிந்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் அத்தான்தான். மேலே கையைக் காட்டி மேற்பார்வையாளரிடம் சொன்னார். மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தூக்கு என்று கையசைத்தார். அத்தனையும் கேமராவில் பதிந்தது.

கட்டு பாதி உயரத்தில் இருக்கும்போது வடம் அறுந்தது. அவள் கேமராவைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். பாட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட சுமைக்காரர் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். அத்தானை இடுப்புக்குக் கீழே நசுங்கிய நிலையில் வெளியே இழுத்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் ஒப்பந்தக்காரரின் அறிக்கை எல்லாச் சேனல்களிலும் வந்துவிட்டது. எச்சரித்தும் கேட்காமல் தொழிலாளர்கள் சுமைக்கு அடியில் நின்றார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காள் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கையின் கையில் கேமராவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அவரு அடிபடுறப்ப நீ படம் புடிச்சிட்டிருந்தியா?"

கேமராக்காரி கேமராவை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் செய்தி நிறுவன முதலாளி அங்கேயே தேடிக்கொண்டு வந்தார். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட எட்டிப் பார்க்காத மனிதர். அக்காளுக்கு ஆறுதல் சொன்னார். வைத்தியச் செலவு முழுவதையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவள், அன்று நின்று படித்தாள்.

"சார், முழு உரிமையும் உங்களுக்குன்னு இருக்கு. என்கிட்ட இருக்கிற மூலப் பதிவையும் அழிக்கணும்னு இருக்கு."

"எப்பவும் இருக்கிறதுதான்மா. இத்தன நாளா போட்ட கையெழுத்துதானே?"

"இத வாங்கிட்டு நீங்க போடலைன்னா?"

"போடுறதும் போடாததும் வாங்கினவன் இஷ்டம்."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாங்குவது இவர், முடக்கி வைக்க வாங்கச் சொன்னவர் ஒப்பந்தக்காரர்.

"காட்டுறதுக்கு மட்டும் அனுமதி தரேன் சார். எந்தச் சேனல்ல வேணும்னாலும் காட்டுங்க. படம் என்னோடதாவே இருக்கட்டும். வீட்ட வாடகைக்கு விடுற மாதிரி வெச்சுக்குங்க. தாராளமா குடியிருக்கலாம். இடிக்கிற உரிமை மட்டும் கிடையாது."

முதலாளி சிரித்தார். "உள்ள ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிட்டிருக்கான். நீ இங்க நின்னு சட்டம் பேசுற. சாயங்காலம் வரைக்கும் யோசி. அப்புறம் உன் படத்த இந்தத் தொழில்ல எவனும் தொட மாட்டான்."

அவர் போய் வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அக்காள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து வந்து தங்கையின் தோளைப் பிடித்தாள்.

"குடுத்துடுடி. போன உசிரு போயிடுச்சு. இவராவது எனக்கு வேணும்."

கேமராக்காரி பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். கை ஓடவில்லை. கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவளைப் போலவே துண்டு துண்டாகப் படம் விற்றுப் பிழைக்கிற ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் படம் எடுக்க வரவில்லை. அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். துறைமுகத்தில் எடுத்தது ஏதாவது கையில் இருக்கிறதா என்று முதலாளி காலையிலிருந்தே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

நெட்டையன் என்கிற கேமராக்காரன் வண்டியிலிருந்து இறங்கினான். வெள்ளத்தில் அவன் வீடு முழுகியபோது, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று எடுத்த படத்தை இதே முதலாளியிடம் இதே தாளில் கையெழுத்துப் போட்டு விற்றவன். வாய்க்காலை அடைத்துக் கட்டடம் கட்டிய கம்பெனியின் விளம்பரத்தில், ஏழைகளுக்கு நாங்கள் இருக்கிறோம் என்ற வாசகத்தோடு அந்தப் படம் ஒரு நாள் ஓடியது. ஆத்திரம் தாங்காமல் தன்னிடமிருந்த பிரதியை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டான். வக்கீல் நோட்டீஸ் வந்தது.

"என் வீடு முழுகுறத நான் காட்டினா திருட்டாம்," என்றான் நெட்டையன். "கையெழுத்துப் போடாத, தங்கச்சி. நாங்களும் இனிமே போடல."

அவர்களில் கட்டையன் என்பவன் மட்டும் தயங்கினான். கேமராவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவன். நாம் மறுத்தால் நாளைக்கே வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்றான்.

"புடிக்கட்டுமே. அந்த ஆளும் நம்ம டீக்கடைக்குத்தானே வரணும்? அங்க வெச்சுப் பேசிக்கலாம்," என்றான் நெட்டையன்.

கட்டையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே ஒரு வண்டியின் இருக்கைமேல் தாளை வைத்து எழுதினார்கள். ஒளிபரப்புவதற்கு மட்டும், இவ்வளவு காலத்துக்கு மட்டும் அனுமதி. எடுத்தவர் பெயர் வர வேண்டும். மூலப் பதிவும் உரிமையும் எடுத்தவரிடமே இருக்கும். விளம்பரத்துக்கோ முடக்கி வைப்பதற்கோ யாருக்கும் கைமாற்றக் கூடாது. இந்தத் தாள் இல்லாமல் எவரும் ஒரு நொடிப் படம்கூடத் தருவதில்லை என்று பேச்சு. கட்டையன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான்.

எல்லோரும் சேர்ந்துபோய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். முதலாளி தாளை வாங்கிப் படித்தார். படித்து முடிக்கும் முன்னே திருப்பிக் கொடுத்தார். கேமராக்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் போய்விட்டது. அதோடு வைத்தியச் செலவுக்கான வாக்கும் போய்விட்டது. கேமராக்காரி தானே சேனல்களுக்குப் பேசிப் பார்த்தாள். ஒருவர் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்காளிடம் போய்ச் சொன்னபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அறுவை அறைக் கதவு மூடியே இருந்தது. தப்புச் செய்துவிட்டேனோ என்று கேமராக்காரி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆதரவாகச் சொல்ல அந்த வராந்தாவில் ஒருவருமில்லை.

வெயில் சாயும் நேரத்தில் சுமைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பாட்டுக்காரரின் உடலை வாங்காமல் எல்லோரும் துறைமுக வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். தங்கள்மேல் பழி போட்டிருக்கிறார்கள், படத்தை அங்கே காட்ட முடியுமா என்று கேட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, படம் அவளுடையது. அவள் எழுந்தாள். சுமைக்காரர் ஒருவரின் மனைவி, அத்தான் பக்கத்தில் தான் இருப்பதாகச் சொன்னாள். என்ன நடந்ததென்று தானும் பார்க்க, அக்காள் தங்கைக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

நெட்டையன் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தான். கிடங்குச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். வாசலுக்குள்ளே போலீஸ் நின்றது. கட்டையன் கேமராவைத் தூக்கி அவர்களைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

படம் ஓடியது. அத்தான் வடத்தைக் காட்டினார். மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையசைத்தார். கூட்டத்தில் ஓர் உறுமல் எழுந்தது. அடுத்து வடம் அறுந்தது. படம் தலைகீழாகப் புரண்டு தரையைக் காட்டியது. கேமரா விழுந்து கிடந்த இடத்திலிருந்து, ஒரு பெண்ணின் கால்கள் இரும்பை நோக்கி ஓடுவது தெரிந்தது. வெறுங்கையால் தகட்டைப் பிடித்து இழுக்கும் அவளுடைய அலறல் கேட்டது. அப்புறம் இன்னும் பல கால்கள், பல கைகள்.

அக்காள் பக்கத்தில் நின்ற தங்கையின் கைகளைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவற்றைத் தன் முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. துறைமுகக் கேட் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பாட்டுக்காரரின் மனைவி முன்வரிசையில் கொஞ்சம் நகர்ந்து அவர்கள் இருவருக்கும் இடம் விட்டாள். அக்காள் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பி, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"மறுபடியும் போடுங்க. பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வந்து பாக்கட்டும்."