சூப்பர்வைசர் வாயில் பெரியக்காவின் பல்கூச்சம்

ஐஸ்கிரீம் கம்பெனி சூப்பர்வைசரின் பல்லில் இருக்கும் கூச்சம் அவருடையது அல்ல. அது பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெரியக்காவுடையது. குளிர்காலம் வந்தால் சூப்பர்வைசர் கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார். பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், செய்த காரியத்துக்கு அது குறைச்சல்தான்.

பெரியக்கா அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிறகு கல்யாணம் நடந்து, பிள்ளைகள் பிறந்து, அதுகள் படித்து வெளியூர் போனதெல்லாம் அந்தக் குளிர் அறைக்கு வெளியேதான். உள்ளே அவள் கப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். அங்கே வாய்வழியாக மூச்சு இழுத்தால் பல்லில் ஊசி இறங்கும் என்பதால் பெண்கள் எல்லோரும் வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வது வழக்கம். புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு அந்தத் துணி கண்ணை உறுத்தியது. பெட்டிக் கணக்கில் கப்புகள் குறைகின்றன, துணிக்குள் இவர்கள் தின்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டினார். துணியை அவிழ்க்கச் சொல்லி, அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, வெளியே ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, யார் வாய் அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குச் சம்பளம் வேறு!

வேலை போய்விடுமே என்று பெரியக்கா பேசாமல் இருந்தாள். விழுங்கிய பேச்செல்லாம் தூக்கத்தில் பற்களை நறநறவென்று அரைத்தது. காலையில் எழுந்து அதே ஆத்திரத்தோடு பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தாள். ஒரு குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கொப்பளித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பல் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பல்லு இப்படித் தேஞ்சு கிடக்கு? யார் மேல இவ்வளவு கோவம்?” என்றாள்.

“வரிசையா நிக்கச் சொன்னா உங்க வாசல் தாண்டி நிப்பாங்க டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கடித்துக் கடித்து மேல்பூச்சு தேய்ந்துவிட்டது, அழுத்தித் தேய்த்ததில் ஈறும் இறங்கி வேர் தெரிகிறது, அதனால்தான் குளிர் நேராக நரம்பைத் தொடுகிறது என்று விளக்கினாள். மெத்தென்ற பிரஷ், மெதுவான கை, கூச்சத்துக்கான பேஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி பல்லுக்கு ஓர் உறை, எலுமிச்சையும் சோடாவும் குறைவாக. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிரில் வாயை மூடித் துணி கட்ட வேண்டும். பெரியக்கா மற்றதையெல்லாம் செய்தாள். கடைசியாகச் சொன்னது மட்டும் அவள் கையில் இல்லை.

அதைக் கேட்கத்தான் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். பிரிவு முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தினார். “துணிய கட்டிக்கிட்டு உள்ள என்ன மெல்லப் போற? இத்தனை வருஷம் தின்னது பத்தலையா?”

பெரியக்கா ஐஸ்கிரீம் ருசியே மறந்து போனவள். அவளைப் போய்! அந்த மனுஷனுக்கு நாக்கில் எலும்பில்லைதான், நெஞ்சிலுமா ஒன்றும் இல்லை?

“பச்சத்தண்ணி கொப்பளிக்க முடியல எனக்கு. நான் திருடியா?” என்றாள் பெரியக்கா. சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. “நான் திங்கலைன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இந்தக் கூச்சத்த நீங்களே வச்சுக்கங்க!”

அந்த நிமிஷமே சூப்பர்வைசர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஹீட்டர் பக்கம் சரிந்தார். பெரியக்கா வாயை நன்றாகத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை, வெறும் காற்று.

வீட்டில் புருஷன், “எதுக்கு வாயக் குடுத்த? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல?” என்று ஆரம்பித்தான். பெரியக்கா திரும்பி, “இனிமே நீங்க கடிங்க” என்றாள். அவனுக்கும் பிடித்துக்கொண்டது. ஆனால் அவன் புத்திசாலி, சாப்பாட்டுக்கு உட்காருமுன்பே, “தப்புதான், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றான். கூச்சம் அவனை விட்டுவிட்டது.

சூப்பர்வைசர் மறுநாளே எல்லோருக்கும் துணி கட்ட அனுமதி கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் போனார், பேஸ்ட் போட்டார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். “உங்க பல்லு முத்து முத்தா இருக்கு. இது உங்க கூச்சமே இல்ல” என்று அவள் திருப்பி அனுப்பினாள். பிறகு கப்பு எண்ணும் மெஷின்தான் தப்பாக எண்ணியது என்று தெரிந்தது. அப்போதாவது சொல்லலாமே, வாய்முத்தா உதிர்ந்துவிடும்? மெஷினை மாற்றினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் குளிர்காலத்தில் பல் கூசுகிறது என்று யார் போனாலும், “அழுத்தித் தேய்க்கிறீங்களா, தூக்கத்துல கடிக்கிறீங்களா, யாரையாவது அநியாயமா பேசினீங்களா?” என்று டாக்டரம்மா ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள்.

குளிர் ஆரம்பிக்கும் அன்று பெரியக்கா கம்பெனி வாசல் கடையில் ஒரு குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்கு எதிரே வந்து நிற்பாள். அவர் சொல்வாரா என்று சற்று நேரம் பார்ப்பாள். அவர் துண்டை இறுக்கிக்கொள்வார். அவள் துணியை இறக்கிவிட்டு, முன்பற்களால் நறுக்கென்று கடிப்பாள்.