அரைக் கெட்டில்

ஞாயிறு இணைப்பில் அந்தப் பட்டியல் வந்த அன்று காலையிலேயே ஹோட்டல் மேனேஜர் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார். ‘நகரத்தில் ஹை டீ என்கிற மாலைத் தேநீர் விருந்துக்கு ஏழு இடங்கள்.’ அவர்கள் ஹோட்டலுக்கு இரண்டாவது இடம். கீழே நாலு வரி: ‘இங்கே கெட்டிலைப் பாதிதான் நிரப்பித் தருகிறார்கள். அது தீர்ந்ததும் புதிதாகப் போட்ட இன்னொரு பாதி வருகிறது. கடைசிக் கோப்பை வரை கசப்பே இல்லை. நரைத்த மீசைக்காரரின் மேஜையாகக் கேட்டு உட்காருங்கள்.’

“அரைக்கெட்டில் அண்ணே, பேப்பர்ல எல்லாம் வந்துட்டீங்க. இனிமே எங்ககூடப் பேசுவீங்களா, இல்ல மனு போடணுமா?” என்றாள் கோப்பை துடைக்கிற பெண்.

மீசைக்காரர் சிரித்து வைத்தார். சாண்ட்விச்சுக்கு ரொட்டியின் ஓரம் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவே இல்லை. கெட்டில் ஏன் பாதியானது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

பீங்கான் கெட்டில் வெறுமையாகவே ஒரு கிலோ கனக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் இரண்டு கிலோ. அதை உடம்போடு அணைத்துத் தூக்கினால் ஒன்றுமில்லை. ஆனால் பரிமாறுகிறவர் விருந்தாளியின் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, ஒரு பக்கக் கைப்பிடியில் பிடித்துச் சாய்க்க வேண்டும். முழுப் பாரமும் மணிக்கட்டில் வந்து உட்காரும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது மணிக்கட்டு அந்தப் பாரத்துக்கு நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் விரிப்பில் நாலைந்து சொட்டு. மறுநாள் மனைவி ஒன்றும் கேட்காமல் கெட்டிலில் பாதி ஊற்றி அனுப்பினாள்.

நல்லது நடந்ததும் அதனால்தான். தேயிலை வெந்நீரில் விழுந்த நாலு நிமிஷத்தில் நிறத்தையும் மணத்தையும் கொடுத்துவிடும். அப்புறமும் சும்மா இருக்காது. கசப்பைக் கொடுக்கத் தொடங்கும். முழுக் கெட்டிலில் மூன்றாவது கோப்பை வருவதற்குள் இலை அரைமணி நேரம் ஊறியிருக்கும். பாதிக் கெட்டில் அதற்குள் காலியாகிவிடும். விருந்தாளிகள் சப்புக்கொட்டினார்கள். மேனேஜர் எல்லா மேஜைக்கும் அதையே முறையாக்கினார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடை இரட்டிப்பான கடுப்பில் மற்ற பரிமாறுகிறவர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

நடுக்கம் மட்டும் அங்கேயே நிற்கவில்லை. இப்போதெல்லாம் பாதிக் கெட்டிலுக்கே அதன் மூக்கைக் கோப்பை விளிம்பில் லேசாக முட்டுக் கொடுத்துத்தான் ஊற்றுகிறார். பீங்கானும் பீங்கானும் பட்டு ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஹாலில் ஓடும் பாட்டில் அது அமுங்கிவிடும்.

“டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை தடவைங்க சொல்றது?” என்றாள் மனைவி அன்று பஸ்ஸில்.

“போனா அவரு இதுக்கு ஒரு பேரு வெப்பாரு. பேரு வெச்சப்புறம் என்னை ஹால்ல விடுவாங்களா? முட்டி போன நம்ம சர்வரை எங்க உக்கார வெச்சாங்க, தெரியுமில்ல.”

தெரியும். அடித்தளக் கிடங்கில், ஜன்னலில்லாத அறையில், மேஜைவிரிப்பு மடிக்க.

“பேரு வெக்கலைன்னா அது கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா?” என்றாள். அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். “சனிக்கிழமை ஹால் ஃபுல். எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. சரியா நாலு மணிக்கு நடு மேஜையில நீங்க முதல் கோப்பை ஊத்தறீங்க, எல்லாரும் பாக்கற மாதிரி. அது முடிஞ்சாதான் மத்த மேஜைக்கு டீ. நல்லா இருக்குமில்ல?”

“நல்லா இருக்கும் சார்,” என்றார். வேறு என்ன சொல்ல?

சனிக்கிழமை மனைவி கெட்டிலில் பாதிகூட ஊற்றவில்லை; கால்தான். “ரெண்டே கோப்பைக்குத்தான் வரும். மெதுவா ஊத்துங்க,” என்றாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். அவள் கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

நடு மேஜையில் ஓர் அம்மாவும் மகளும். மூன்று அடுக்குத் தட்டு ஏற்கெனவே வந்திருந்தது: கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற குட்டி பன், மேலே கேக். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. மேனேஜர் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினார். பிறகு, மீசைக்காரரும் மனைவியும் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார்.

ஹால் அடங்கியது. மீசைக்காரர் குனிந்து கெட்டிலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் வைத்தார்.

டிக். டிக் டிக் டிக்.

சமையலறைக் கதவு வரை கேட்டது. கால் கெட்டிலும் கனத்துப் போயிற்று. தேநீர் கோப்பையில் பாதி, விரிப்பில் பாதி விழுந்தது. மகள் செல்போனை மெல்ல இறக்கினாள். யாரோ இருமினார்கள்.

மேனேஜர் கெட்டிக்காரர். ஒரே எட்டில் வந்து மீசைக்காரரின் தோளில் கைபோட்டார். “இங்க இன்னொரு வழக்கமும் இருக்கு. முதல் கோப்பையை இவர் தொடங்கி வெப்பாரு, மீதியை விருந்தாளி அவங்க கையாலயே ஊத்திக்கணும்.”

ஹாலில் நிம்மதியாகச் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். இதுவும் அடுத்த பட்டியலில் வந்துவிடும் என்று மீசைக்காரருக்குப் புரிந்தது. சரி என்று தலையாட்டினால் போதும். இன்னும் ஆறு மாதமோ, எட்டு மாதமோ ஓட்டலாம்.

கெட்டிலை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்தார்.

“அப்படி ஒரு வழக்கம் இல்லீங்கம்மா,” என்றார் அந்த அம்மாவிடம். “எனக்குக் கை நடுங்குது. அதனாலதான் பாதிக் கெட்டில். விரிப்பை மாத்திடறேன்.”

அந்த அம்மா அவர் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. “விரிப்பு கிடக்கட்டும்,” என்றாள் மெதுவாக.

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. “திங்கக்கிழமை என் ரூமுக்கு வாங்க,” என்று மீசைக்காரரின் காதருகே சொன்னார். பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

மனைவி கதவுக்கு இந்தப் பக்கம் அவருக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரிப் பெயரும் நேரமும் அதில் இருந்தன. பழைய தேதிகளை அடித்துவிட்டுக் கடைசியாக எழுதியிருந்தது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

“எப்ப வாங்குனே?”

“எப்பவோ வாங்குனேன். வாராவாரம் தேதியை மாத்தி எழுதிட்டு வர்றேன்,” என்றாள். “மேனேஜர் எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?”

“மணி சொல்லலை.”

“அப்ப முதல்ல இது,” என்று சொல்லிவிட்டு, பத்தாம் மேஜைக்கான கெட்டிலை எடுத்து அளந்து பாதி ஊற்றத் தொடங்கினாள்.