கோழை என்று ஒரு சான்று

1934-ஆம் வருஷம் நான் மான்செஸ்டருக்குப் போய் மூன்று வருஷம் நூற்பும் நெசவும் படிப்பது என்று என் அப்பா ஐயாசாமிக் கவுண்டர் முடிவு செய்தார். கிணத்துக்கடவில் எங்களுக்கு ஒரு பஞ்சு அரவை ஆலை இருந்தது. அதை நூல் மில்லாக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சீமைக்குப் போகிறவன் என்று ஊரில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சீமைக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு வேண்டியதையெல்லாம் அப்பா ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இடம் தருகிறோம் என்று அங்குள்ள கல்லூரி எழுதிய கடிதம் வந்தது. நான் படித்த காலேஜ் பிரின்சிபால் நன்னடத்தைச் சான்று தந்தார். செலவு முழுவதும் என்னுடையது, பையன் அங்கே யாருக்கும் பாரமாக இருக்க மாட்டான் என்று அப்பா பத்திரம் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பத்தில் ‘உடலில் காணும் அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘நெற்றியின் இடப்புறம் ஓர் அங்குலத் தழும்பு’ என்று நானே அழகாக எழுதினேன். கடைசியாகப் பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை. விண்ணப்பித்தவன் சர்க்காருக்கு விரோதமானவன் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் சுலபமானது அதுதான் என்று நினைத்தேன். கோயமுத்தூர் ஜில்லாவில் என்னைவிடச் சாதுவான ஆள் கிடையாது. சங்கடம் என்னவென்றால், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது கோயமுத்தூரில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். சீமைத் துணிக் கடைகளின் முன்னால் மறியல் நடந்த காலம். வகுப்பில் எல்லாரும் போனார்கள். போகாவிட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று பயந்து நானும் போனேன். கதர்ச் சட்டை இரவல். தெருமுனையில் போலீஸ் தலைப்பாகை தெரிந்தது. மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் ஓடினேன்.

எந்தச் சந்தில் நுழைந்தேன், எதில் வெளியே வந்தேன் என்று தெரியாது. உக்கடத்தில் ஒரு பாய்க் கடைக்குள் பாய்ந்தேன். அதன் வாசல் நிலை தாழ்வு. நெற்றி போய் இடித்து ரத்தம் கொட்டியது. கடைக்காரர் மைதீன் பிச்சை ராவுத்தர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காயத்தில் காப்பித் தூளை அப்பினார். பெரிய கோரைப் பாய் ஒன்றில் என்னை வைத்துச் சுருட்டினார். மற்றப் பாய்களோடு மூலையில் நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் பாய் வாங்க வந்தார். “ஏனுங்க, அந்த மூலையில நிக்கிற பாய் நல்லாத் தடியா இருக்குதுங்களே, என்ன விலைங்க?” என்று கேட்டது எனக்கே கேட்டது. “அது வித்துப்போச்சுங்கம்மா” என்றார் ராவுத்தர். உள்ளே இருந்த எனக்குக் கோரைத் தூசியில் தும்மல் வந்தது. நான் தும்மினேன். உடனே ராவுத்தரும் பலமாக நாலு தரம் தும்மி அதை மூடினார்.

அங்கிருந்து நேராகத் தொண்டாமுத்தூருக்கு, என் அத்தையின் தோட்டத்துக்குப் போய்ப் பதினோரு நாள் ஒளிந்திருந்தேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிறகு நெற்றிக் கட்டோடு ஊருக்குத் திரும்பினேன். வழியில் பஸ்ஸில் ஒருவர், “போலீசு அடிச்சதுங்களா?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான் நான் செய்த பிசகு. கிணத்துக்கடவில் இறங்குவதற்குள் எனக்குத் தலையில் ஆறு தையல் போட்டாகிவிட்டது. பதினோரு நாள் எங்கே இருந்தேன் என்று ஊரார் கேட்டபோது, “அதையெல்லாம் எதுக்குங்க பேசிக்கிட்டு” என்றேன். ஜெயில் என்று அவர்களே முடிவு செய்தார்கள். மாரியம்மன் நோன்பில் எனக்கு மாலை போட்டார்கள். மாலை விழுந்த கழுத்திலிருந்து உண்மை எப்படி வெளியே வரும்? ஒரு வருஷத்தில் ஜெயில் கஞ்சியில் இருந்த புழுவை நானே வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையோடுதான் கல்யாணமும் நடந்தது. பெண் தொண்டாமுத்தூர், அத்தை பார்த்துச் சொன்ன இடம். பெயர் தெய்வாத்தாள். அதிகம் பேச மாட்டாள். ஜெயில் கதையை அவளுக்கு ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரைக்கும் கேட்பாள்.

விசாரணைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடபதி வந்த அன்று நான் ஊரில் இல்லை. விண்ணப்பத்தோடு கொடுத்த போட்டோவில் மேசையில் கை ஊன்றி, ஆகாயத்தைப் பார்த்து, ஒரு தலைவர் போல நின்றிருந்தேன். கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா, “முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்று திருப்பிவிட்டார். அதை எடுக்கக் கோயமுத்தூர் போயிருந்தேன்.

மாலையில் திரும்பினால் அப்பா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

“மாரப்பா, போலீசு வந்துபோட்டுப் போயிருச்சு. நெத்தியில தழும்பு எப்படி வந்ததுன்னு ஊரெல்லாம் கேட்டிருக்குது.”

“என்ன சொன்னாங்கப்பா?”

“என்ன சொல்லுவாங்க? கோயில்காரரு, தறிக்காரரு, அம்பட்டரு, ஒருத்தரு பாக்கியில்லாம உன்ற பெருமையப் பேசியிருக்காங்க. நம்ம தெய்வாத்தாளுந்தான். பதினோரு நாள் ஜெயில்ல இருந்தாருங்கன்னு கணக்காச் சொல்லியிருக்குது. அந்தாளு எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. இனிப் பாஸ்போர்ட்டு எங்கிருந்து வரும்?”

வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா, நான் ஜெயிலுக்கே போகலீங்க” என்றேன்.

பாய்க் கடை வரைக்கும் முழுவதையும் சொன்னேன். அப்பாவின் கோபம் இறங்கியது, அந்த இடத்தில் வந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

“அன்னைக்கு உனக்கு மாலை போட்டாங்கன்னு எரநூறு பேருக்குப் பந்தி போட்டனே, அப்பக்கூட உனக்கு வாய் வரலியா?” என்றார். “போ. போயி அந்தப் போலீசுகிட்ட நீ யாருன்னு சொல்லு.”

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனில் வெங்கடபதியின் முன்னால் நின்றேன். நாற்பது வயது, வெற்றிலை வாய், நிதானமான மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“மிஸ்டர் மாரப்பன், மான்செஸ்டர் துணி கூடாதுன்னு மறியல் பண்ணிட்டு, அந்தத் துணி நெய்யறதைப் படிக்க மான்செஸ்டருக்கே போறீங்களா?”

“மறியல் பண்ணலீங்க. ஓடிட்டேனுங்க.”

“அப்படித்தான் நீங்க சொல்றீங்க. ஆனா ஊரே ஜெயில்னு சொல்லுது. நான் ஜெயில் ரிஜிஸ்தரைப் பார்த்தேன். உங்க பேர் இல்லை.”

எனக்கு உயிர் வந்தது. “பாத்தீங்களா!”

“அதுதான் எனக்குக் கவலை. பேர் இருந்தா சாதாரண ஆள். இல்லைன்னா பொய்ப் பேர்ல உள்ளே போன ஆள். அது பெரிய புள்ளிங்க செய்யற வேலை.”

என்னைப் பெரிய புள்ளி என்று ஒருவர் நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அதை அனுபவிக்க முடியவில்லை.

“நீங்க ஓடினதுக்குச் சாட்சி உண்டா?” என்றார்.

உக்கடத்துக்குப் போனேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே தலை காட்டாதவன், இந்தத் தரம் நிலையில் குனிந்து நுழைந்தேன். மைதீன் பிச்சை ராவுத்தர் பாய்களை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அடடே, நம்ம பெரிய பாய்! காயம் ஆறிப்போச்சா தம்பி?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

“அன்னைக்கு உங்களை ஒளிச்சு வச்சேன்னு நான் வாயாலே சொன்னா எனக்கு ஒண்ணும் வராதா?”

அதைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. என் பாஸ்போர்ட்டுக்காக அந்த நல்ல மனிதரை நேராகப் போலீஸ் வாசலுக்கு இழுக்க வந்திருந்தேன். “வேண்டாங்க ராவுத்தரே, நான் வேற வழி பாத்துக்கறேன்” என்று எழுந்தேன்.

“உக்காருங்க தம்பி. குத்தம் பண்ணினவனை ஒளிச்சாத்தானே தப்பு? நீங்க என்ன பண்ணினீங்க, ஓடினீங்க. ஓடறது எந்தச் சட்டத்திலே குத்தம்?” என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையைத் தம்பி ரசாக்கிடம் ஒப்படைத்துவிட்டு, என்னோடு வந்தார்.

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வெங்கடபதி பேனாவை எடுத்தார்.

“இவர் எப்படி வந்தார்?”

“குதிரை மாதிரிங்க.”

“போலீஸ் துரத்திக்கிட்டு வந்ததா?”

“இல்லீங்க. நான் எட்டிப் பார்த்தேன். தெருவிலே ஒரு காக்கா குஞ்சு இல்லை. யாரும் துரத்தாமலேதான் அந்த வேகம்.”

ஒரு போலீஸ்காரர் சிரிப்பை அடக்க வெளியே போனார். ராவுத்தர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர், ஒன்றையும் விடவில்லை. தும்மலைச் சொன்னார். அந்த அம்மாள் விலை கேட்டதைச் சொன்னார். பாயைப் பிரித்தபோது நான் மயங்கிக் கிடந்ததாகவும், எழுந்ததும் முதலில் கேட்டது சர்பத் என்றும் சொன்னார். எனக்கே மறந்துபோயிருந்த விஷயம் அது.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, வெங்கடபதி உரக்கப் படித்தார். ‘மேற்படி நபர் மிகுந்த பயத்தால் ஓடி ஒளிந்தவர்’ என்ற இடம் வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், பயத்தால்னு போடறதுக்குப் பதிலா முன்ஜாக்கிரதையாகன்னு போடலாமுங்களா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “முன்ஜாக்கிரதையான ஆள்னு எழுதினா மேலே சந்தேகப்படுவாங்க. கோழைன்னு எழுதினாத்தான் பாஸ்போர்ட் வரும். எது வேணும்?”

கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தெய்வாத்தாள் களத்தில் காய்ந்த மிளகாயைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். ஊர் சொல்லி அவள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது என்று பக்கத்தில் குந்தினேன். மறியலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அள்ளுவதை நிறுத்தவே இல்லை.

“எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

“எப்பத் தெரியும்?”

“அந்தப் பதினோரு நாளும் எங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துலதானுங்க இருந்தீங்க. வேலிப் பக்கம் புல்லறுக்கறப்பப் பாத்திருக்கறேன். தபால்காரர் காக்கிச் சட்டையோட வந்தாப் போதும், அட்டாலி மேல ஏறிக்குவீங்க. உங்கத்தை ஏணி போட்டு எறக்கி உடும்.”

பக்கத்தில் கிணறு இருந்தது. ஆனால் எனக்கு நீந்தத் தெரியும், விழுந்தும் பிரயோஜனமில்லை.

“தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?”

“அடி வாங்கறவரக் கட்டிக்கிட்டு நான் என்னங்க பண்றது? இவரு எங்க போனாலும் ஓடி ஊடு வந்து சேந்துருவாருன்னு நெனச்சேன்.”

“அப்புறம் எதுக்குப் போலீசுகிட்ட ஜெயில்னு சொன்னே? பாஸ்போர்ட்டு கெட்டுப்போகும்னு தெரியாதா?”

மிளகாய்க் காம்பு ஒன்றைத் திருகினாள்.

“மூணு வருசமுங்க” என்றாள் கடைசியில்.

நான் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கண் கலங்கியிருந்தது. மிளகாய்தான் காரணம் என்று நம்பிவிடலாம். எனக்கு அது சுலபமாகவும் இருந்திருக்கும்.

“வேண்டாம்னா நான் போகல” என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

“போயிட்டு வாங்க. மாமன் மில்லு வெக்கோணும்னு எத்தனை நாளாக் கனாக் கண்டுட்டு இருக்கறாரு. நான் சும்மா ஒருக்காச் செஞ்சு பாத்தேன், அவ்வளவுதானுங்க.” கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனா வாரத்துக்கு ஒரு கடுதாசி போடோணும். அதுல கதை எழுதக் கூடாதுங்க.”

என் வாக்குமூலம் ஒரு வாரத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தது. காறித் துப்புவார்கள் என்று நான் வெளியே போகாமல் இருந்தேன். கோயில் தர்மகர்த்தா குமாரசாமி வீடு தேடி வந்து என் முதுகில் தட்டினார்.

“பலே அப்புனு! போலீசு கண்ணுலயே மண்ணத் தூவிப்போட்டியே! பாய்ல சுருட்டினாங்களாமா? என்ன மூளை, என்ன மூளை!”

“இல்லீங்க, அது நெசமாலுமே நடந்ததுங்க.”

“எங்ககிட்ட எதுக்கு மறைக்கறே? நாங்க வெளிய உடமாட்டோம்” என்று கண் சிமிட்டினார்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தரம் சொன்னேன். பொய்யை ஒரு பெருமூச்சில் நம்பிய ஊர், உண்மையைச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. அப்பா மட்டும் நம்பினார். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஆவணியில் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த மாதம் போத்தனூரில் ரயில் ஏறினேன். ஊரே மாலைகளோடு வந்துவிட்டது. குமாரசாமி பிரசங்கம் செய்தார். அப்பா என் பெட்டியை இரண்டு தரம் எண்ணினார். இருந்தது ஒரு பெட்டிதான். தெய்வாத்தாள் பெண்களின் பின்னால் நின்றாள். வண்டி நகர்ந்தபோது அவள் கையை ஆட்டவில்லை, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கழுத்தில் ஏழு மாலையோடு ஒருவன் விசும்புவதை எதிரில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னாச்சுங்க தம்பி?”

“கண்ணுல கரித்தூள் விழுந்திருச்சுங்க” என்றேன்.

“அடடா” என்று அவர் எழுந்து வந்து, என் பக்கத்து ஜன்னல் கதவை இறக்கி, தாழும் போட்டார். நல்ல புழுக்கம். ஈரோடு வரும் வரைக்கும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.