தேமல் இல்லை என்றது போன்

ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்துக் கொல்லையில் அபிநயா நீட்டிய போன், மரவள்ளிக்குத் தேமல் நோய் இல்லை என்றது. அவள் அப்பா தெய்வசிகாமணியோ இருக்கிறது என்றார். இருபது வருஷமாக மரவள்ளி வைக்கிற மனுஷன்.

"இலை சுருங்கிக்கினு, திட்டுத் திட்டா மஞ்சளா இருக்குது பாரும்மா."

நாலு செடிக்கு நீட்டிப் பார்த்தாள். நாலுக்கும் இல்லை என்றே சொன்னது. கல்லூரி புராஜெக்டுக்காக அவளே அறுநூறு இலைப் படங்களைக் காட்டிப் பழக்கிய செயலி அது. சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. மெஷின் லேர்னிங் நடத்துகிற ரெக்ஸ் சாரே கைதட்டினார். அப்படிப்பட்டது அப்பா கொல்லையில் மட்டும் பொய் சொல்லுமா என்ன?

விஷயம் சின்னதல்ல. அந்தக் கொல்லைச் செடித் தண்டை விதைக்குச்சியாக வெட்டித்தான் மலைமேல் கரியாலூரில் இருக்கிற கண்ணகி அத்தை இரண்டு ஏக்கர் நடப்போகிறாள். தேமல் பிடித்த குச்சி முளைக்கும்போதே தேமலோடு முளைக்கும். வருஷமெல்லாம் பாடுபட்டாலும் கிழங்கு விரல் தண்டிக்குத்தான் இறங்கும். பாவம், அத்தைக்கு அதைவிட்டால் வேறு வெள்ளாமை கிடையாது.

"சரி, படிச்சவ நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா கத்தியை எடுத்தார். அபிநயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அந்த மஞ்சள் இலையை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தாள்.

புதன்கிழமை வகுப்பில் அதைக் கேட்டே விட்டாள். "எங்கப்பா கண்ணு சரியா, மாடல் சரியா சார்? எனக்கு மண்டையே குழம்பிக்கினு இருக்குது."

ரெக்ஸ் சார் அவள் சேர்த்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தினார்.

"நல்ல இலையெல்லாம் கொல்லையில நிக்குது. தேமல் இலை மட்டும் ஏம்மா நீலத்து மேல கெடக்குது?"

"அது என் ஹாஸ்டல் போர்வைங்க சார். கொல்லையில நோய் இருக்குதுன்னு போட்டோ எடுக்க எவன் சார் வுடுவான்? வெளிய தெரிஞ்சா அவன் குச்சிய ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி இலைய மட்டும் பறிச்சாந்து ரூம்ல வெச்சி எடுத்தேன்."

அவள் போனில் கைதவறி எடுத்த படம் ஒன்று கிடந்தது. வெறும் போர்வை, இலையே இல்லை. சார் அதைச் செயலிக்குக் காட்டினார்.

தேமல், தொண்ணூற்றேழு சதவீதம் என்றது அது.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தீனதயாளன் என்கிற கழிசடை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது இலையவே பார்க்கலம்மா. போர்வை இருந்தா தேமல், மண்ணு இருந்தா நல்ல இலை. அவ்ளோதான் கத்துக்கினு இருக்குது" என்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மொதல்லயே பார்த்திருக்கணும். கைதட்டிட்டு வுட்டுட்டேன்."

அபிநயாவுக்கு உயிரே போய்விட்டது. அப்பா கொல்லையில் நின்ற செடி அத்தனையும் மண்ணில்தானே நின்றது! வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"குச்சியா? நேத்தே ஜீப்புல மலை ஏறிடுச்சே. ஆளுங்க எறங்கி நட்டுக்கினு இருக்காங்க."

"நிறுத்தச் சொல்லுப்பா! நான் பண்ணது தப்பு. நீ பார்த்ததுதான் சரி."

அப்பா சிரித்தார். "அட, பயப்படாதம்மா. நீ சொன்னப்புறம் நானும் நல்லா பார்த்தேன். தேமலு இல்ல, வெயிலுக்கு வெளுத்துக்கினு இருக்குது. நீ செஞ்சது தப்பா போவுமா?"

"ஐயோ, தப்புதாம்ப்பா! அது என் போர்வைக்கே தேமல்னு சொல்லுது. என்னை நம்பாத. வெட்டாத செடி மிச்சம் இருக்குதில்ல? நீயே பாரு. பார்த்துட்டு அத்தைக்குச் சொல்லு."

அவர் கொல்லைக்குள் நடப்பது கேட்டது. இலையைப் புரட்டும் சத்தமும் கேட்டது.

"இன்னாப்பா? இருக்குதா, இல்லியா?"

"தெரியலியேம்மா" என்றார். அப்பா அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "முந்தியெல்லாம் வரப்புல நின்னே சொல்லிடுவேன். இப்ப இருக்கிற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. அத்தைக்கு வேற சொல்லியாவணும். நீ வந்து இன்னொரு தபா போன வெச்சிப் பார்த்துச் சொல்லேன்."